கட்டன்சாயா நிறம்

ஆரியசாலை,
திருவனந்தபுரம்.
நவம்பர் கடைசி, சனிக்கிழமை.

அன்பு மகன் ஜெபசிங்குக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் உன் தங்கை ஷிபாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் உன் அறையில் கூட இருக்கிற பிள்ளைகளும் அந்தச் சூட்டு நாட்டில் ஒரு குறைவும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையில் அடுப்புப் பற்றவைக்கும் முன்பே ஜெபம் பண்ணிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடுகிறேன். தினமும் போனில் முகம் பார்க்கிறோமே, பிறகு எதற்கு அம்மா கடிதம் எழுதுகிறாள் என்று நீ சிரிப்பாய். நம் லைன் வீட்டு பிபின் லீவு முடிந்து அடுத்த வாரம் கத்தாருக்குத் திரும்புகிறான். கிறிஸ்துமசுக்கு முந்திரிக்கொத்தும் அச்சப்பமும் கொஞ்சம் மீன் ஊறுகாயும் அவன் கையில் கொடுத்து விடுகிறேன், அதோடு இதையும் வைக்கிறேன். போனில் இந்தக் காரியத்தைச் சொல்லத் தொடங்கும்போதெல்லாம் ஒன்று உன் பக்கத்தில் யாராவது நிற்கிறார்கள், இல்லையென்றால் இங்கே உன் அப்பா போதும் போதும் என்று கை காட்டுகிறார். பாதி பாதியாகக் கேட்டு நீ என்ன புரிந்துகொண்டாயோ தெரியாது. முழுவதையும் முதலிலிருந்து சொல்கிறேன், இது தொடங்கினதே உன்னிடமிருந்துதான்.

அதற்கு முன் வீட்டுக் காரியங்கள். ஐப்பசித் துலா மழை இந்த முறை நின்று பெய்தது, அடுக்களை ஓட்டில் பழைய இடத்திலேயே ஒழுகுகிறது, நீ வரும்போது பார்த்துக்கொள்ளலாம். அப்பாவுக்கு முட்டுவலி இருக்கிறது, ஆனாலும் மிளகாய் கோடவுனுக்குப் போவதை நிறுத்தவில்லை. ஷிபாவுக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு பள்ளியில் தற்காலிக டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது, காலையில் அவள் சேலை கட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிறதைப் பார்க்க நல்ல சந்தோஷம். இனி காரியத்துக்கு வருகிறேன்.

கோடையில் ஒரு நாள் நீ கூப்பிட்டபோது, உங்கள் வேலை இடத்துக் கக்கூஸில் ஒரு படம் ஒட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தாய், நினைவிருக்கிறதா. மூத்திரத்தின் நிறத்தை வரிசையாகப் போட்டு, வைக்கோல் நிறம் என்றால் நல்லது, கடும் மஞ்சள் என்றால் உடனே தண்ணீர் குடி, தவிட்டு நிறம் என்றால் வேலையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போ என்று எழுதியிருக்கிறது என்றாய். வெயிலில் கம்பி கட்டுகிற பிள்ளைகள் மயங்கி விழாமல் இருக்க அப்படி ஒரு ஏற்பாடு, இப்போது நீ போர்மேன் ஆனதால் காலையில் உன் ஆட்களிடம் நீயே அதைக் கேட்கிறாய் என்றும் சொன்னாய். நானும் சிரித்தேன். நான் விளையாட்டாகக் கேட்டதற்கு அந்தப் படத்தையும் போனில் அனுப்பினாய். அதை அழிக்காமல் வைத்திருந்தேன், ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

நான் வேலைக்கு நிற்கிற ஜவுளிக்கடை கிழக்கேகோட்டையில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே இருக்கிறது என்பது மட்டும்தான் உனக்குத் தெரியும். உள்ளே நாங்கள் எப்படி நாளைக் கழிக்கிறோம் என்று நான் உன்னிடம் சொன்னதில்லை. பெண்களுக்கு உள்ள கக்கூஸ் ஒன்றே ஒன்று, அது மூன்றாம் மாடியில் ஸ்டாக் ரூமுக்குப் பின்னால். அதன் சாவி கீழே கேஷ் கவுண்டரில், சூப்பர்வைசர் ரெஜியின் மேஜையில். வாங்க வந்தவர்கள் நிற்கும்போது அவனிடம் போய்ச் சாவி கேட்க வேண்டும். அவனும் நம் ஷிபா வயசுக்காரன்தான், கெட்டவன் இல்லை, ஆனாலும் கேட்கிறபோது நாக்கு ஒட்டிக்கொள்ளும். மாடி ஏறிப் போனால் மத்தியானத்துக்குப் பிறகு குழாயில் தண்ணீர் இருக்காது. அதனால் நாங்கள் எல்லோருமே ஒரு வழக்கம் வைத்திருந்தோம், காலையில் வீட்டில் சாயா குடித்தால் பிறகு வீட்டுக்குத் திரும்பினதற்கு அப்புறம்தான் குடிக்கிற வெள்ளம். வெள்ளம் குடித்தால்தானே மூன்றாம் மாடி ஏற வேண்டும். எரிச்சலும் அடிவயிற்று வலியும் வந்தால் ஒருத்தி மற்றவளுக்கு மாத்திரை கொடுப்பாள், அவ்வளவுதான். பெண் ஜென்மத்துக்கு இது உள்ளதுதான் என்று நானும் நினைத்திருந்தேன்.

சேலை செக்ஷனில் என்னோடு நிற்கிறவள் சிஜி, பாறசாலைப் பக்கத்துப் பிள்ளை. நல்ல துறுதுறுப்பு, ஒரு சேலையை விரித்துக் காட்டினால் வந்தவர்கள் அதை வாங்காமல் போக மாட்டார்கள். விஜின் என்று ஒரு பையனோடு கல்யாணம் நிச்சயித்திருந்தது, எலக்ட்ரிக் வேலை செய்கிறவன். ஓணம் தொடங்கும் முன்பு சிஜிக்குத் தொண்டைவலியும் காய்ச்சலும் வந்து மாறினது. அதன் பிறகு ஒரு வாடல், காலையில் வரும்போது கண்ணுக்குக் கீழே வீங்கியிருக்கும். நாங்கள் உறக்கமில்லாததால் என்று நினைத்தோம், ஓணம் சீசனில் யாருக்குத்தான் உறக்கம். ஒரு நாள் மத்தியானம் அவள் இறங்கி வந்த உடனே நான் மேலே போனேன். குழாயில் தண்ணீர் வரவில்லை, வாளியும் காலி. அவள் ஊற்றிவிட முடியாமல் வந்திருக்கிறாள். அங்கே கிடந்த நிறத்தைப் பார்த்து நான் அப்படியே நின்றுவிட்டேன் மக்கா. மஞ்சள் இல்லை. பால் விடாத கட்டன்சாயா எப்படி இருக்கும், அந்த நிறம், மேலே சோப்பு நுரை போல நுரை. நீ அனுப்பின படத்தில் கடைசிக் கட்டம் என் கண் முன்னால் வந்தது.

கீழே வந்து சிஜியைச் சேலை அடுக்குக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். அவளுக்கு முகம் சிவந்தது. “சேச்சி, அது ஒண்ணுமில்ல, வெள்ளம் குடிக்காததுனால உள்ளதாக்கும். நம்ம எல்லாருக்கும் மஞ்ஞளாத்தானே இருக்கு” என்றாள். மாதவிலக்கா என்று கேட்டேன், இல்லை. பீட்ரூட் தின்றாயா, சத்து மாத்திரை ஏதாவது உண்டா என்று கேட்டேன், ஒன்றும் இல்லை. போனை எடுத்து உன் படத்தைக் காட்டினேன். சரி, இன்றைக்கு வீட்டுக்குப் போய் நன்றாக வெள்ளம் குடி, காலையிலும் குடி, வெள்ளக் குறைவு என்றால் நிறம் வெளுக்கும், வெளுக்கவில்லை என்றால் என்னிடம் மறைக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கினேன். மறுநாள் காலை அவள் பஸ் இறங்கி வருகிற முகத்தைப் பார்த்தே எனக்குப் புரிந்தது. “வயிறு முட்டக் குடிச்சேன் சேச்சி. அதே நெறந்தான்” என்றாள். செருப்பைக் கழற்றினபோது வார் பதிந்த இடம் பள்ளமாகக் கிடந்தது, காலில் அத்தனை நீர்.

ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றதும் அழுதாள். நோய்க்குப் பயந்து இல்லை. “கிட்னின்னு ஒரு வார்த்த வெளிய போச்சுன்னா விஜினுக்க வீட்டுல என்ன நெனைப்பாங்க சேச்சி, ஓணமும் கல்யாணமும் கழியட்டும்” என்றாள். அந்தப் பிள்ளை சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, நம் ஆட்களை எனக்குத் தெரியாதா. ஆனால் அதைக் கேட்டு நான் சும்மா இருந்தால் பிறகு அந்தப் பிள்ளையின் முகத்தை எப்படிப் பார்ப்பேன். ரெஜியிடம் போய் அரை நாள் லீவு வேண்டும், இரண்டு பேருக்கும் என்றேன். கடை நிறைய ஆள். அவன் தலையில் கை வைத்தான். “சேச்சி, ஓண சீசனாணு. இப்பம் ரெண்டு பேரு எறங்கிப் போனா முதலாளி என்னை வேலைல வச்சேக்குமா? பாத்ரூம் காரியத்துக்கு ஆராவது லீவு கேக்குமோ?” என்றான். கவுண்டருக்குப் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் விரித்து வைத்திருந்த சேலையை மடித்து அடுக்கில் வைத்தேன், சிஜியின் கையைப் பிடித்தேன், வேலைக்காரர்கள் இறங்கக் கூடாத முன்பக்கப் படி வழியாகவே இறங்கி ஆட்டோ பிடித்தேன். இந்த வேலை போனது என்றுதான் நினைத்தேன். அப்பாவுடைய முட்டுவலி, ஷிபாவுக்கு அப்போது வேலை இல்லை, எல்லாம் அந்த ஆட்டோவில் வைத்து நினைவு வந்தது. ஆனாலும் திரும்பிப் போக மனம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர், சின்ன வயசு, எல்லாம் நிதானமாகக் கேட்டார்கள். குப்பியில் எடுத்ததை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்கள், பிரஷர் பார்த்தார்கள், அது அந்த வயசில் இருக்கக் கூடாத அளவுக்கு ஏறியிருந்தது. மூத்திரத்தில் ரத்தமும் போகிறது, உடம்புச் சத்தும் போகிறது, அதுதான் அந்த நிறமும் நுரையும், கிட்னியில் வடிகட்டுகிற இடத்தில் வீக்கம் வந்திருக்கிறது, வீட்டுக்கு விட முடியாது என்று அன்றைக்கே வார்டில் படுக்க வைத்தார்கள். நான் போன் பண்ணி சிஜியின் அம்மாவை வரவழைத்தேன். பிறகு முதுகில் ஊசி போட்டு ஒரு துணுக்கு எடுத்துச் சோதித்தார்கள். தொண்டைக் காய்ச்சலோடு போராடின உடம்பு தன் கிட்னியையே அடித்துவிடுவது உண்டாம், சிலருக்கு அது தானே ஆறும், சிலருக்கு மருந்து இல்லாவிட்டால் உள்ளேயே கெட்டுப்போகும், சிஜிக்கு மருந்து வேண்டும் என்றார்கள். இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் என்று தொடங்கி, சிஜியின் அம்மாவைப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

நான் அந்த டாக்டரிடம் ஒன்று கேட்டேன், வெள்ளம் குடிக்காமல் அடக்கி வைத்ததால்தானா இது வந்தது என்று. அவர்கள் இல்லை என்று நேராகவே சொன்னார்கள். குடிக்காமல் அடக்கினால் மூத்திரப் பையில் கிருமி பிடிக்கும், கல் வரும், அது வேறு தொந்தரவு. இந்த நோய் வேறு. ஆனால் அதற்குப் பிறகு அவர்கள் சொன்னதுதான் எனக்கு மனதில் தைத்தது. எப்போதும் கடும் மஞ்சளாகவே போகிறவர்களுக்கு, நிறம் மாறினால் மாறினது தெரியாது, உடம்பு கூப்பிட்டுச் சொன்னாலும் காதில் விழாது என்றார்கள். யோசித்துப் பார் மக்கா. எங்கள் கடையில் எல்லாப் பெண்களுக்கும் தினமும் ஒரே போல நிறம் கெட்டிருந்ததால், நிஜமாக நோய் வந்தவள் எங்கள் நடுவிலேயே நின்றும் யாருக்கும் தெரியவில்லை. வாளியில் வெள்ளம் இருந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

வீட்டில் வந்து சொன்னபோது உன் அப்பா முகத்தைச் சுளித்தார். “எடீ, இந்த வயசுல உனக்கு வேற பேச்சே கெடைக்கல்லியா? மத்தவளுக்க மூத்திரத்தப் பாத்துட்டா நீ வேலைய விட்டே?” என்று கேட்டார். கேட்டுவிட்டு வெளியே போனவர், சிஜிக்கு உப்பில்லாத கஞ்சி வேண்டும் என்று நான் சொன்னது காதில் விழுந்திருக்கிறது, சாலைக் கடைத்தெருவில் போய்ச் சிறு பயறு வாங்கிக்கொண்டு வந்தார். அவர் அப்படித்தான், உனக்குத் தெரியாதா.

ஓணம் கழிந்து கடை திறந்த அன்று முதலாளி ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார். தாணுமாலையன் முதலாளியை நீ சின்ன வயசில் பார்த்திருக்கிறாய், சுசீந்திரத்துக்காரர், வெள்ளை வேட்டி, அதிகம் பேச மாட்டார். கூட ரெஜியும் கணக்குப்பிள்ளையும் இருந்தார்கள். “என்னம்மா லீலா, இத்தன வருசமா ஒரு சத்தம் கேட்டதில்ல உன்கிட்ட. சீசன் நேரத்துல கடைய விட்டு எறங்கிப் போயிட்டியே” என்றார். கோபமாக இல்லை, வருத்தமாகத்தான் கேட்டார். சுற்றி வளைத்துச் சொல்லலாம் என்றுதான் நினைத்துப் போனேன், வயிற்றுக் கோளாறு, பெண்கள் காரியம் என்று ஏதாவது. ஆனால் அப்படிச் சுற்றி வளைத்துச் சுற்றி வளைத்துத்தானே இத்தனை காலம் போயிற்று. “முதலாளி, அந்தப் பிள்ளைக்கு மூத்திரம் கட்டன்சாயா நெறத்துல போச்சு” என்று அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன். கணக்குப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். முதலாளி கையை உயர்த்தி, ஆம்பிளைகள் இருக்காங்கம்மா என்றார். “ஆம்பிளைகளுக்கும் அது உண்டுல்லா முதலாளி” என்று என் வாயில் வந்துவிட்டது. அது எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு எல்லாம் சொன்னேன். சாவியைக் கேட்கிற வெட்கம், மத்தியானத்துக்குப் பிறகு வராத தண்ணீர், அதற்குப் பயந்து நாங்கள் தொண்டை காய நிற்கிறது, டாக்டர் சொன்னது. சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஒரு நிழல் தெரிந்து திரும்பினால், சேலை செக்ஷன், சுரிதார் செக்ஷன், பில் போடுகிற பிள்ளைகள், எல்லோரும் படியில் நிற்கிறார்கள். ஒருத்தியும் அங்கிருந்து போகவில்லை. முதலாளி அவர்களைப் பார்த்தார், எழுந்தார், சாவியைக் கொண்டா என்று ரெஜியிடம் கேட்டு வாங்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்குத் தானே ஏறினார். அவர் வயசுக்கு அந்தப் படி சின்னக் காரியம் இல்லை. நாங்கள் கீழேயே நின்றோம். குழாயைத் திருகுகிற சத்தம் கேட்டது, அவ்வளவுதான். இறங்கி வந்து நெடுநேரம் மூச்சு வாங்கிவிட்டு, “கெட்டடம் கட்டின நாள்ல பாத்தது” என்றார். பிறகு என்னைப் பார்த்து, நிறத்தைப் பார்த்து நோய் அறிய உனக்கு யார் சொல்லித் தந்தது என்று கேட்டார். என் மகன் என்றேன். டாக்டருக்குப் படித்தானா என்று கேட்டார். இல்லை முதலாளி, கத்தாரில் கம்பி கட்டுகிற வேலை, இப்போது போர்மேன், அவன் கீழே வேலை செய்கிற அத்தனை பேரும் வெயிலில் விழாமல் பார்க்கிற பொறுப்பு அவனுக்கு என்றேன். மக்கா, உன்னைப் பற்றி நான் பல இடத்தில் பலரிடம் பேசியிருக்கிறேன், ஆனால் அன்றைக்குச் சொன்னது போல நெஞ்சு நிறைந்து ஒருபோதும் சொன்னதில்லை. படியில் நின்ற பிள்ளைகள் எல்லாம் அதைக் கேட்டார்கள்.

இப்போது எங்கள் கடையில் கீழ்த்தட்டிலேயே பின்பக்கம் பெண்களுக்கென்று புதிதாகக் கட்டியாயிற்று, சாவி இல்லை, உள்தாழ்ப்பாள் மட்டும். ஒவ்வொரு மாடியிலும் வெள்ளக் கேன் இருக்கிறது. உன் படத்தை ரெஜிதான் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து மலையாளத்தில் எழுதி உள்ளே ஒட்டினான். முதல் நாள் எல்லோருக்கும் ஒரே சிரிப்பு. இப்போது பிள்ளைகள் தைரியமாக வந்து கேட்கிறார்கள், சத்து மாத்திரை விழுங்கினேன் சேச்சி, எலுமிச்சை போலப் போகிறது, பயமா என்று. பயம் இல்லை, ஆனால் என்னிடம் கேட்டால் போதாது, மாறாமல் இருந்தால் டாக்டரிடம் காட்டு என்பேன். நான் டாக்டர் இல்லையே, எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

சிஜியைப் பற்றி நீ கேட்பாய். மருந்தும் உப்புக் குறைத்த சாப்பாடும் பலித்து, கால் நீர் வற்றி, கிட்னி டெஸ்டும் இறங்கி வந்துவிட்டது. மாத்திரை இன்னும் உண்டு, பரிசோதனைக்குப் போய்க்கொண்டிருக்க வேண்டும். ஆனால் நான் பெருமைப்படுகிறது வேறு காரியத்துக்கு. வார்டில் படுத்திருந்தபோதே அவள் விஜினையும் அவன் அம்மாவையும் வரவழைத்து, எல்லாவற்றையும் தன் வாயாலேயே சொல்லிவிட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். “என்னைக் கெட்டணும்னா எனக்க கிட்னியையும் சேத்துத்தான் கெட்டணும், இல்லேன்னா இப்பமே சொல்லிருங்க” என்றாள். அவன் அம்மா எழுந்து போனார்கள். விஜின் போகவில்லை. உட்கார்ந்து, எந்தெந்த மாத்திரை எப்போது என்று என்னிடம் கேட்டான். கல்யாணத்தை ஈஸ்டர் கழிந்து வைத்திருக்கிறார்கள், அவன் அம்மாவும் இப்போது சமாதானம்தான். சிஜி கடைக்குத் திரும்பி வந்த அன்று அவளை முதலாளியே ஸ்டூல் போட்டு உட்காரச் சொன்னார். அவள் ஒரு ஸ்டூல் போதாது, சேச்சிக்கும் வேண்டும் என்றாள். இப்போது எங்கள் செக்ஷனில் எல்லோருக்கும் ஸ்டூல் இருக்கிறது.

உனக்கு ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாமல் கேள். மேல்வலி என்று நீ அடிக்கடி வலி மாத்திரை விழுங்குவதாக பிபின் சொன்னான். அதுவும் கிட்னிக்குக் கேடு என்று அந்த டாக்டர் வேறொருவரிடம் சொல்லும்போது நான் கேட்டேன், வெயிலில் வெள்ளம் வற்றின உடம்புக்கு இன்னும் கேடாம். வலி என்றால் கம்பெனி டாக்டரிடம் போ, கடையில் வாங்கித் தின்னாதே. ஊறுகாயையும் ஒரே வாரத்தில் காலி பண்ணாதே, உப்பு அதிகம், அறையில் உள்ள பிள்ளைகளுக்கும் கொடு.

இன்னும் ஒரு விசேஷம். சபையில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் டிசம்பர் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். மேடையில் ஏறி மைக் பிடித்துப் பேச, என்னை! வாசல் போர்டில் எழுதத் தலைப்பு வேண்டும் என்று செயலாளர் அம்மா வந்தார்கள், பெண்களும் சுகாதாரமும் என்று போடலாமா என்றார்கள். நான், மூத்திரத்தின் நிறமும் கிட்னியின் சுகமும் என்றே போடுங்கள் என்றேன். அப்படியே போட்டுவிட்டார்கள். கீழே என் பெயரும் இருக்கிறது, திருமதி லீலாபாய் தங்கப்பன் என்று. உன் அப்பா கோடவுனுக்குப் போகிற வழி அது, இன்றைக்கு அதைப் பார்த்துவிட்டு வந்து என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் பயந்துகொண்டு இருந்தேன். வந்தார், சோறு தின்றுவிட்டுப் படுத்தார். பிறகு பிபின்தான் வந்து சொன்னான். அப்பா போர்டுக்கு முன்னால் நின்று முழுவதும் வாசித்தாராம், பக்கத்தில் யாரோ இது என்ன ஓய் இப்படி ஒரு தலைப்பு என்று சிரித்ததற்கு, “சிரிக்காண்டாம். நம்ம வீட்டுக்காரியாக்கும் பேசுதது. நீரும் வந்து கேளும்” என்றாராம்.

கர்த்தர் உன் போக்கையும் வரவையும் காத்து, உன் கையின் வேலையை ஆசீர்வதித்து, உன் கீழே உள்ள பிள்ளைகளுக்கும் உன்னால் நன்மை உண்டாகச் செய்வாராக. அப்பா விசாரித்ததாக எழுதச் சொன்னார், ஷிபாவின் அன்பும். பிபின் பொட்டலத்தைக் கொண்டுவந்து தந்ததும் கிடைத்தது என்று ஒரு வார்த்தை சொல், அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்ட நேரத்தில் எனக்காக ஜெபம் பண்ண மறக்காதே.

உன்னை நினைத்து நெஞ்சு நிமிர்ந்திருக்கும்
அம்மா
த. லீலாபாய்